போலந்தில் புதிதாக வந்தவர்களின் கேள்விகள்: பெசெல், செவ்வந்தி, அப்புறம் அந்த 'பான்'

வ்ரோத்ஸ்வாஃபுக்கு வந்து 11 வருடம் ஆகிறது. ஒரு கம்பெனியில் சம்பளக் கணக்கு பார்க்கிற வேலை. போலந்தில் இருக்கிற, வரப்போகிற நம் ஆட்கள் எதை வேண்டுமானாலும் கேட்கலாம் என்று வாயை விட்டேன், குவிந்துவிட்டது. நான் வக்கீல் இல்லை. தெரிந்ததைச் சொல்கிறேன், பிடித்த கேள்விக்கு நீளமாகச் சொல்வேன், யாரும் கோபித்துக்கொள்ளக் கூடாது.

அடுத்த மாதம் வார்சா வருகிறேன் அக்கா. இறங்கியதும் முதல் வேலை என்ன?

பெசெல் எண். 11 இலக்கம், நம் ஆதார் மாதிரி எங்கே போனாலும் கேட்பார்கள். முதல் ஆறு இலக்கம் பிறந்த தேதி: வருடம், மாதம், நாள். 2000க்குப் பிறகு பிறந்தவர்களுக்கு மாதத்தோடு 20 கூட்டிப் போடுவார்கள். மே மாதம் பிறந்த பையனுக்கு 25 என்று இருக்கும், தப்பாகப் போட்டுவிட்டார்கள் என்று அலுவலகத்தில் போய் சண்டை பிடிக்காதீர்கள் (ஒருவர் பிடித்தார்). இதற்கு வழி மெல்துனெக், அதாவது தங்கும் முகவரியைப் பதிவு செய்வது. 30 நாளுக்கு மேல் தங்குகிற நம்மைப் போன்றவர்கள் வந்த நாலாவது நாளுக்குள் செய்ய வேண்டும். 30 நாளுக்கு மேல் என்று பதிந்தால் பெசெல் கூடவே வந்துவிடும். சில வீட்டுக்காரர்கள் பதிவு என்றதும் பின்வாங்குவார்கள், அதனால் வீடு பார்க்கும்போதே கேட்டுவிடுங்கள், சாவி வாங்கின பிறகு அல்ல.

விளம்பரத்தில் 2500 ஸ்வோட்டி என்றார்கள், இப்போது 3400 கேட்கிறார்கள். ஏமாற்றுகிறார்களா?

பெரும்பாலும் இல்லை, நீங்கள் கீழே இருந்த சின்ன எழுத்தைப் படிக்கவில்லை. வீட்டுக்காரருக்குப் போகிற வாடகை ஒன்று. 'சின்ஷ்' என்று அடுக்கக நிர்வாகத்துக்குப் போகிற பணம் இன்னொன்று. 'மெதியா' என்று கரண்ட், கேஸ், இன்டர்நெட் மூன்றாவது. சின்ஷ் என்ற சொல்லுக்கு அகராதியில் வாடகை என்றே இருக்கும், அதில்தான் எல்லோரும் விழுகிறார்கள். மொத்தம் எவ்வளவு என்று மட்டும் கேளுங்கள். 'கௌத்ஸ்யா' என்பது நம் ஊர் அட்வான்ஸ். சென்னை மாதிரி பத்து மாதம் இல்லை, வழக்கமாக ஒரு மாத வாடகை, சில இடத்தில் இரண்டு. உள்ளே போகிற அன்றே சுவர், அடுப்பு, குளியல் தொட்டி எல்லாவற்றையும் போட்டோ எடுத்து வீட்டுக்காரருக்கு மெயில் அனுப்பிவிடுங்கள்.

'நாயெம் ஒகஸ்யொனால்னி' என்று ஒப்பந்தத்தின் தலைப்பில் இருந்தால் கொஞ்சம் நில்லுங்கள். அதற்கு நோட்டரியிடம் போக வேண்டும், காலி செய்யச் சொன்னால் இன்ன வீட்டுக்குப் போவேன் என்று வேறொரு முகவரி காட்ட வேண்டும், அந்த வீட்டின் உரிமையாளர் சம்மதமும் வேண்டும். நேற்று விமானத்தில் இறங்கியவர் யாருடைய வீட்டைக் காட்டுவார்? சட்டப்படி சரியான ஒப்பந்தம்தான், நமக்குத்தான் கஷ்டம். எதிலும் கையெழுத்துப் போடும் முன் தலைப்பைப் படியுங்கள். இதை இன்றைக்கு இன்னும் பலமுறை சொல்வேன்.

லோட்ஸ் நகரத்தில் படிக்கிறேன், வயது 22. பகுதி நேர வேலை. கையில் வருகிற சம்பளம் நன்றாகவே இருக்கிறது, எதுவும் பிடிப்பதில்லை. இது சரிதானா?

முதலில், ஊர் பெயர் வூச். எழுதுவது அப்படி, படிப்பது இப்படி. ரயில் நிலையத்தில் லோட்ஸ் லோட்ஸ் என்று கேட்டு நீங்கள் அலையக் கூடாது என்பதற்காகச் சொல்கிறேன்.

இது என் ஏரியா என்பதால் விரிவாகவே சொல்கிறேன். வேலை ஒப்பந்தத்தில் மூன்று பெயர்களைத் தெரிந்துகொள்ளுங்கள். 'உமோவா ஓ ப்ராத்ஸெ' என்றால் முழுப் பாதுகாப்பு: லீவு, நோய் விடுப்பு, காப்பீடு. 'உமோவா ஸ்லெத்செனியே' என்றால் வேலைக்குக் கூலி, லீவு கிடையாது. 'உமோவா ஓ ஜெவோ' என்றால் செய்து கொடுத்த பொருளுக்குப் பணம், மருத்துவக் காப்பீடு வராது. நீங்கள் 26 வயது ஆகாத மாணவர், இரண்டாவது வகையில் இருப்பீர்கள். அதற்கு சமூகக் காப்பீடு பிடிக்கமாட்டார்கள். 26 வயது வரை வருடத்துக்கு 85,528 ஸ்வோட்டி வரை வருமான வரியும் இல்லை. அதனால்தான் சம்பளம் முழுசாகக் கையில் விழுகிறது. ஆனால் அதே காரணத்தால் அந்த வேலை மூலம் உங்களுக்கு அரசு மருத்துவக் காப்பீடும் கிடையாது. கை உடைந்தபிறகு தெரிந்துகொள்ள வேண்டிய விஷயமில்லை இது. அரசுக் காப்பீட்டு நிறுவனமான என்.எஃப்.இசட்.டில் நீங்களாகவே பணம் கட்டிச் சேரலாம், சேருங்கள்.

முழுநேர வேலைக்காரர்களுக்கு ஒன்று. வருடத்துக்கு 20 நாள் லீவு, பத்து வருட அனுபவம் ஆனால் 26. பட்டப்படிப்புக்கு மட்டும் 8 வருடம் சேர்த்துக்கொள்வார்கள். டிகிரி சான்றிதழை எச்.ஆரிடம் கொடுக்காமல் வருடக்கணக்கில் ஆறு நாளை விட்டவர்களை நான் என் மேஜையிலேயே பார்த்திருக்கிறேன்.

கார்த்தா போபித்து எப்போது வரும்? ஏழு மாதம் ஆகிறது.

வசிப்பிட அட்டை மாதக்கணக்கில்தான் வரும், ஊருக்கு ஊர் மாறும். உங்கள் விசா முடியும் முன் விண்ணப்பித்திருந்தால் முடிவு வரும்வரை போலந்தில் இருப்பது சட்டப்படி சரி. அதை வைத்துக்கொண்டு பெர்லினுக்குச் சுற்றுலா போக முடியாது. ஊருக்குப் போனால் திரும்பி வர விசா வேண்டும். அக்கா கல்யாணம், தங்கை வளைகாப்பு எல்லாவற்றையும் அதற்கு ஏற்பத் திட்டமிடுங்கள்.

சுத்த சைவம். பிழைக்க முடியுமா?

தாராளமாக. ஆனால் 'மீன் சைவம்' என்று நினைக்கிறவர்கள் இங்கேயும் நிறைய. கிறிஸ்துமஸுக்கு முந்தின இரவு விருந்துக்குப் பன்னிரண்டு பதார்த்தம் செய்வார்கள், இறைச்சி இருக்காது, கெண்டை மீன் இருக்கும். பியெரோகி ருஸ்கியே என்ற கொழுக்கட்டையில் உருளைக்கிழங்கும் த்வாருக் என்ற பால்கட்டியும்தான், அப்படியே சாப்பிடலாம் என்று வாய்க்குக் கொண்டு போகும்போது மேலே பொன்னிறமாக ஏதோ மினுங்கும். வெங்காயம் என்று நினைப்பீர்கள். பன்றிக் கொழுப்பு வறுவல். 'பெஸ் ஸ்க்வாரெக்' என்று ஆர்டர் கொடுக்கும்போதே சொல்லுங்கள், அது போடாமல் தருவார்கள். பார் மிலெச்னி என்ற மலிவு உணவகங்களில் பால்கட்டி வைத்த தோசை மாதிரியும், உருளைக்கிழங்கு அடையும் கிடைக்கும். மிஸெரியா என்று கேட்டால் நம் வெள்ளரிக்காய் பச்சடியேதான் வரும், தாளிக்காமல். மஷ்லான்கா என்பது மோர். பெருங்காயமும் கறிவேப்பிலையும் ஊரிலிருந்து கொண்டு வாருங்கள்.

ஞாயிற்றுக்கிழமை எல்லாக் கடையும் மூடியிருக்கிறதே?

2018 முதல் அப்படித்தான். வருடத்தில் சில ஞாயிறு மட்டும் திறப்பார்கள். பால் தீர்ந்தால் பச்சைத் தவளை போட்ட ஜாப்கா கடை.

போலந்துப் பெண்ணைக் கல்யாணம் செய்தால் அட்டை சீக்கிரம் கிடைக்குமா?

அடுத்த கேள்வி.

ஆபீஸ் தோழி வீட்டுக்குக் கூப்பிட்டிருக்கிறாள். என்ன வாங்கிப் போவது?

பூ. எண்ணிக்கை ஒற்றைப்படை. மொய்க்கு நூற்றொன்று வைக்கிற நமக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை, இரட்டைப்படை சாவுக்கு. போனதும் செருப்பைக் கழற்ற வேண்டும், சிலர் 'காப்செ' என்று வீட்டுச் செருப்பு தருவார்கள், ஓட்டைக் காலுறை போட்டுப் போகாதீர்கள். நிலைப்படிக்கு இந்தப் பக்கம் நின்று கை குலுக்கக் கூடாது, உள்ளே போய்த்தான். வாசப்படியில் நின்று காசு கொடுக்காதே என்று என் ஆத்தா சொல்வாளே, அதேதான்.

இப்போது என் கதை. முதல் வருடம், அக்டோபர் கடைசி. சூப்பர் மார்க்கெட் வாசல் முழுக்கத் தொட்டி தொட்டியாய் மஞ்சள் செவ்வந்தி, மல்லிகை இல்லாத ஊரில் செவ்வந்தியாவது இருக்கிறதே என்று பெரிய தொட்டியாக ஒன்று வாங்கி, டிராமில் மடியில் வைத்துக்கொண்டு, முதன்முதலாகச் சாப்பிடக் கூப்பிட்ட தோழி வீட்டுக்குப் போனேன். கதவைத் திறந்தவள் முகம் ஒரு நொடி அப்படியே நின்றது. வாங்கிக்கொண்டாள், நன்றி சொன்னாள், பால்கனியில் வைத்தாள். நவம்பர் 1 அன்று எல்லோரும் கல்லறைக்குப் போகிற நாள், செவ்வந்தி அதற்கென்றே விற்கிற பூ என்பது அப்புறம்தான் தெரிந்தது. "பாட்டிக்குக் கொண்டுபோய் வைத்துவிட்டேன், நல்ல பூ" என்றாள் பிறகு ஒருநாள், சிரித்துக்கொண்டே.

அட்டை எப்போது வரும்? ஒன்பது மாதம்.

மேலே பாருங்கள்.

ஹோட்டலில் மீதிச் சில்லறை தராமல் போய்விட்டார் பணிப்பெண்.

காசைக் கொடுக்கும்போது 'ஜென்குயே' என்று சொன்னீர்களா? நன்றி என்றுதான் அர்த்தம், ஆனால் அந்த நேரத்தில் சொன்னால் மீதியை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்று பொருள். 36 ஸ்வோட்டி பில்லுக்கு 50 நோட்டு கொடுத்து நானும் மரியாதையாக நன்றி சொல்லியிருக்கிறேன். சில்லறை வந்த பிறகு சொல்லுங்கள். அதேபோல அவர்கள் பேச்சில் 'நோ' என்றால் 'ம், ஆமாம்'. போனில் நோ, நோ, நோ என்று அடுக்கினால் அவர் சந்தோஷமாக ஒப்புக்கொள்கிறார்.

போஸ்னானில் நாலு வருடம். எதிர்வீட்டு அம்மாள் இன்னும் என்னை 'பான்' என்றே கூப்பிடுகிறார். பெயர் சொல்லச் சொன்னேன், முகம் மாறிவிட்டது. வெளிநாட்டுக்காரன் என்று ஒதுக்குகிறாரா?

இல்லவே இல்லை. ஒதுக்குகிற ஆட்களும் உண்டு, டிராமில் ஏச்சு வாங்கியவர்களும் உண்டு, நான் மறைக்கவில்லை. ஆனால் 'பான்' அதில் சேராது. ஆணுக்கு பான், பெண்ணுக்கு பானி, இதுதான் அவர்களுடைய 'நீங்க'. வினை படர்க்கையில் வரும். முகத்துக்கு நேரே "பான் என்ன குடிக்கிறார்?" என்று கேட்பார்கள். நம் ஊர் ஹோட்டலில் "சார் என்ன சாப்பிடறாரு?" என்று உங்களையே கேட்பதில்லையா, அது. ஐ.டி. ஆபீஸில் முதல் நாளே எல்லோரும் நீ, வா, போ. அதைப் பார்த்துவிட்டு டாக்டரிடமும் எதிர்வீட்டிலும் அப்படியே பேசினால் முகம் மாறத்தான் செய்யும். 'நீ'க்கு மாறலாமா என்று கேட்கிற உரிமை வயதில் மூத்தவருக்கு, பெண்ணுக்கு, மேலதிகாரிக்கு. நீங்கள் இளையவர், ஆண், நீங்களே கேட்டுவிட்டீர்கள். மாறும்போது சிலர் கையைக் கோத்துக்கொண்டு ஆளுக்கொரு மடக்கு குடிப்பார்கள், அதற்குப் பெயரே உண்டு, ப்ருதெர்ஷாஃப்ட்.

*(இடையில் ஒருவர்: "எல்லாம் சரி அக்கா, நாலு வருடப் பழக்கத்தில் 'நீங்க' என்பது தூரம்தானே? மதுரையில் நாங்கள் இரண்டாம் நாளே மாப்ள.")*

கோயமுத்தூரில் அஞ்சு வயதுப் பிள்ளையையும் 'வாங்க கண்ணு' என்பார்கள், அது தூரமா?

*(யாழ்ப்பாணத்து அன்பர்: "எங்கட பக்கம் நீ, நீர், நீங்கள் மூண்டும் இருக்கு. போலிஷிலை 'நீர்' இல்லையோ?")*

இருக்கிறது! இதைக் கேட்டதற்கு உங்களுக்கு ஒரு தொட்டிச் செவ்வந்தி... வேண்டாம், ரோஜா. 'பான்' என்று மொட்டையாகச் சொல்லாமல் பெயரையும் சேர்த்து, அதையும் செல்லப்பெயராக, தோமாஷ் என்பவரை 'பானியே தோம்கு' என்று கூப்பிட்டால் அதுதான் உங்கள் 'நீர்'. மரியாதையும் இருக்கும், நெருக்கமும் இருக்கும். ஆனால் குடும்பப் பெயரோடு 'பானியே கோவால்ஸ்கி' என்றால் அதட்டுவது மாதிரி.

*(மதுரைக்காரர் மறுபடி: "தோமாஷ் எப்படி தோம்கு ஆனார்?")*

தோமாஷின் செல்லப்பெயர் தோமெக். கூப்பிடும்போது தோம்கு. விளி வேற்றுமை ஐயா! பள்ளிக்கூடத்தில் எட்டாம் வேற்றுமை படித்தோமே, அண்ணன் அண்ணா ஆவது. போலிஷில் ஏழு வேற்றுமை, நமக்கு எட்டு. ஆங்கிலம் மட்டும் தெரிந்தவர்கள் தலையில் கை வைத்து உட்காரும் இடத்தில் நமக்குப் பாதிக் கிணறு தாண்டியாயிற்று. கிராகூஃப் என்ற ஊரை எடுத்துக்கொள்ளுங்கள், 'தோ க்ராகோவா' என்றால் கிராகூஃபுக்கு, 'ஸ் க்ராகோவா' என்றால் கிராகூஃபிலிருந்து. குடியுரிமைக்கு பி1 அளவு போலிஷ் சான்றிதழ் வேண்டும், எப்படியும் படித்துத்தான் ஆக வேண்டும்.

*(இன்னொருவர்: "அப்படியென்றால் 'பான்' என்பது 'ஐயா'வா, 'சார்'ஆ?")*

இரண்டும் இல்லை. சார் என்றால் மேலே ஒருவர், கீழே ஒருவர். பான் சமமானவர்கள் இருவருமே சொல்வது. பெரிய அதிகாரியும் துப்புரவுக்காரரும் ஒருவரையொருவர் அதே சொல்லால்தான் கூப்பிடுவார்கள். ஏழு பேர் இதற்கே எழுதியிருக்கிறீர்கள், குளிர் பற்றிக் கேட்டவர்கள் காத்திருக்கிறார்கள்.

குளிருக்கு ஊரிலிருந்தே ஜாக்கெட் வாங்கவா?

வேண்டாம், இங்கே வாங்குங்கள். குளிரைவிட இருட்டுதான் படுத்தும், டிசம்பரில் வார்சாவில் மூன்றரைக்கெல்லாம் சூரியன் போய்விடும். வைட்டமின் டி பற்றி டாக்டரிடம் கேளுங்கள். கல்லூரி, அருங்காட்சியகம் போனால் வாசலில் இருக்கிற 'ஷாத்னியா'வில் குளிர் கோட்டைக் கழற்றிக் கொடுத்துவிட்டுத்தான் உள்ளே.

அக்கா, அட்டை...

இல்லை.

வேலை ஒப்பந்தம் அனுப்பியிருக்கிறார்கள், போலிஷில் இருக்கிறது, நாளைக்குள் கையெழுத்து வேண்டுமாம்.

தலைப்பைப் படியுங்கள். மேலே சொன்ன மூன்றில் எது? மொழிபெயர்ப்பு கேளுங்கள், தராவிட்டால் யாரிடமாவது காட்டிப் படியுங்கள். நாளைக்குள் என்று அவசரப்படுத்தினால் இன்னும் மெதுவாகப் படியுங்கள்.

போஸ்னான்காரன்தான் மறுபடி. எதிர்வீட்டு அம்மாள் பெயர் மாவ்கோஜாதா. எப்படிக் கூப்பிட?

'பானி மாவ்கோஜாதோ.' கடைசியில் ஓ. அவர் தன்னை கோஷா என்று சொல்லிக்கொண்டால் மட்டும் 'பானி கோஷு', அதுவரை அவசரம் வேண்டாம். மாடிப்படியில் பார்க்கும்போது 'ஜென் தோப்ரி, பானி மாவ்கோஜாதோ' என்று ஆரம்பியுங்கள். அவர் கதவைத் திறந்து நின்றாலும் வெளியே நின்றபடி கை நீட்டிவிடாதீர்கள்.