உயிரணு சுழற்சியின் கட்டுப்பாடு தவறுவதற்கும் புற்றுநோய்க்கும் என்ன தொடர்பு?

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் படிவம் 4 பிள்ளைகளுக்கு உயிரியல் டியூஷன் எடுக்கிறேன். உயிரணுப் பிரிவு பாடம் வந்தாலே யாராவது இதே கேள்வியைக் கேட்பார்கள். பெரும்பாலும் வீட்டில் யாரோ நோயில் படுத்திருப்பார்கள். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

உயிரணு வேகமாகப் பிரிந்தால் புற்றுநோய் என்று பலர் நினைக்கிறார்கள். குடலின் உட்சவ்வும் எலும்பு மஜ்ஜையும் தினமும் வேகமாகத்தான் பிரிகின்றன. நிற்க வேண்டிய இடத்தில் நிற்கத் தவறும்போதுதான் ஆபத்து.

உயிரணு பிரியும் சுழற்சியில் நான்கு கட்டங்கள்: ஜி1 கட்டத்தில் உயிரணு வளர்கிறது, எஸ் கட்டத்தில் டி.என்.ஏ.வை நகலெடுக்கிறது, ஜி2-இல் பிரிவதற்குத் தயாராகிறது, எம்-இல் இரண்டாகிறது. சைக்ளின் என்ற புரதம் வந்து சேர்ந்தால்தான் சி.டி.கே. என்ற நொதி வேலை செய்து அடுத்த கட்டத்துக்குத் தள்ளும். நடுவில் சோதனையும் உண்டு. விடியற்காலைப் பெரட்டில் பேர் பதியாமல் தோட்டத்தில் யாரும் வேலைக்குப் போக முடியாதல்லவா, அப்படித்தான். இந்த ஏற்பாட்டைக் கண்டறிந்த ஹார்ட்வெல், நர்ஸ், ஹன்ட் மூவருக்கும் 2001-இல் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது. ஹார்ட்வெல் ஆராய்ந்தது ஈஸ்ட்டை. அதே ஏற்பாடு நம் உடம்பிலும் இருப்பது எனக்கு இன்னமும் வியப்புதான்.

டி.என்.ஏ. பழுதானால் பி53 என்ற புரதம் விழித்துக்கொள்ளும். பி21 என்ற இன்னொரு புரதத்தை உண்டாக்கி சி.டி.கே.யை அடக்கும். பழுதைச் சரிசெய்ய நேரம் கிடைக்கும். சரியாகாவிட்டால் அந்த உயிரணுவையே சாகவைக்கும். மனிதப் புற்றுநோய்களில் ஏறக்குறையப் பாதியில் பி53 மரபணு கெட்டிருக்கிறது. அது கெட்டால் பழுதோடு பிரியும் உயிரணுக்களில் புதுப் பழுதுகள் சேர்ந்துகொண்டே போகும். பல பழுதுகள் சேர ஆண்டுக்கணக்காகும் என்பதால்தான் வயதானவர்களுக்கு இந்நோய் அதிகம்.

எச்.பி.வி. கிருமி இன்னும் நேரடியாகவே வேலையைக் காட்டுகிறது. அதன் இ6 புரதம் பி53-ஐ அழிக்கிறது, இ7 புரதம் ஜி1-இல் காவல் நிற்கும் ஆர்பி என்ற புரதத்தை முடக்குகிறது. கருப்பை வாய்ப் புற்றுநோய் இப்படித்தான் தொடங்குகிறது. 2010 முதல் நம் பள்ளிகளில் 13 வயதுப் பெண்பிள்ளைகளுக்குத் தடுப்பூசி போடுவது இதைத் தடுக்கத்தான். பெற்றோர்களே, தயவுசெய்து சம்மதம் கொடுங்கள்.

நம்மவர்களுக்கு வாய்ப் புற்றுநோயும் ரொம்ப நெருக்கம். மலேசியாவில் அது இந்தியர்களிடையே அதிகம். பால்மரம் வெட்டிய காலம் முழுக்க வெற்றிலை பாக்கு அடக்கிய என் பாட்டி அதில்தான் போனார். புகையிலை சேர்க்காவிட்டாலும் பாக்கே புற்றுநோய் உண்டாக்கும். இந்த வகைக் கட்டிகளில் பி53 கெடுவதோடு, சி.டி.கே. நொதிகளில் ஒன்றான சி.டி.கே.4-ஐ அடக்கும் பி16 புரதமும் அடிக்கடி காணாமல் போயிருக்கும். வாயில் வெள்ளைத் திட்டு இருந்தாலோ, இரண்டு வாரமாகியும் புண் ஆறாவிட்டாலோ அரசாங்கப் பல் கிளினிக்கில் காட்டுங்கள்.

அப்புறம் மருந்து. 2015-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற பால்போசிக்லிப், சி.டி.கே.4, 6 இரண்டையும் அடக்குகிறது. ஹார்மோன் சார்ந்த மார்பகப் புற்றுநோய்க்குக் கொடுக்கிறார்கள். அதைவிடப் பழையது வின்கிறிஸ்டின். குரோமோசோம்களை இழுத்துப் பிரிக்கும் இழைகளைத் தடுத்து, உயிரணுவை எம் கட்டத்திலேயே நிறுத்திவிடும். அது நம் லயத்து வாசலில் பூக்கும் நித்தியகல்யாணியிலிருந்து எடுத்தது. அதற்காக இலையைப் பறித்து வீட்டில் அவித்துக் குடித்துவிடாதீர்கள். செடி நச்சு, மருத்துவமனையில் பிரித்தெடுத்த மருந்தையே மிகக் கவனமாக அளந்துதான் ஏற்றுவார்கள்.