செல்ஃப் சுத்துது, இன்ஜின் புடிக்கல: டிராக்டர் ஸ்டார்ட்டிங் கேள்வி பதில்

ஸ்டார்ட்டிங் பிரச்சனை பத்தி நிறைய பேர் கேட்டிருக்கீங்க, ஒண்ணொண்ணா சொல்றேன். டீசல் இன்ஜின்ல பெட்ரோல் வண்டி மாதிரி தீப்பொறி கிடையாது, உள்ள போற காத்தை 16 மடங்குல இருந்து 20 மடங்கு வரைக்கும் அமுக்குற சூட்டுலயே டீசல் தானா பத்திக்கணும். அதனால வேகமா சுத்தணும், டீசல், புகை மாதிரி பொடிஞ்சு விழணும், கம்ப்ரஷன் (அமுக்குன காத்தோட அழுத்தம்) கசியாம நிக்கணும், இந்த மூணுல ஏதோ ஒண்ணு குறையுது, அவ்ளோதான் விஷயம். எது குறையுதுன்னு செல்ஃப் (இன்ஜினைச் சுத்தி விடுற ஸ்டார்ட்டர் மோட்டார்) போடுற சத்தமும் சைலன்சர்ல வர்ற புகையுமே சொல்லிடும், அதைப் பாக்காம டீசல் பம்பைக் கழட்டுறதுதான் எனக்கு ஆகவே ஆகாது.

அண்ணே, சாவி திருப்புனா 'டக்'னு ஒரே சத்தம், அதுக்கு மேல ஒண்ணும் இல்ல. பேட்டரி புதுசு. செல்ஃப் மோட்டார் போயிடுச்சுன்னு கழட்டச் சொல்றாங்க, கழட்டவா?

இப்ப கழட்டாதீங்க தம்பி. ஹெட்லைட்டைப் போட்டுட்டு சாவியைத் திருப்புங்க. லைட்டு அப்படியே மங்கி அணைஞ்சு போனா கரண்ட் போய்ச் சேரல, பேட்டரியோ டெர்மினலோ கேபிளோதான். லைட்டு பளிச்சுன்னு அப்படியே நின்னா மட்டும் சோலினாய்டு (செல்ஃபுக்குக் கரண்டை விடுற சுவிட்ச்) காண்டாக்ட், மோட்டார் உள்ள இருக்குற கார்பன் பிரஷ் பக்கம் போங்க.

மல்டிமீட்டர் இருந்தா இன்னும் நல்லது. வண்டி ராத்திரி முழுக்க நின்ன பிறகு பேட்டரி 12.6 வோல்ட் காட்டணும், 12.2 காட்டுனா பாதி சார்ஜ்தான் இருக்கு. செல்ஃப் அடிக்கும்போது 9.6க்குக் கீழ விழுந்தா பேட்டரி தாங்கலன்னு அர்த்தம், புதுசா இருந்தாலும் சரி.

எல்லாரும் விட்டுடுறது எர்த் கேபிளை, அதாவது பேட்டரி மைனஸ்ல இருந்து வண்டி பாடிக்குப் போற கேபிளை. மீட்டரோட ஒரு முனையை பேட்டரி மைனஸ் குமிழ் மேலயே வைங்க, கிளாம்ப் மேல இல்ல, குமிழ் மேல. இன்னொரு முனையை இன்ஜின் பிளாக்ல பெயின்ட் இல்லாத இடத்துல குத்தி செல்ஃப் அடிக்கச் சொல்லுங்க. அரை வோல்ட்டுக்கு மேல காட்டுனா அந்தக் கேபிள்தான் குத்தவாளி. அது போல்ட் போட்டு உக்காந்திருக்குற இடத்தைக் கழட்டிப் பாத்தீங்கன்னா துரு, பழைய பெயின்ட், காஞ்ச சேறுன்னு மூணு படலம் இருக்கும், உப்புத்தாள் வச்சு வெள்ளி மாதிரி மின்னுற வரைக்கும் தேய்ச்சு இறுக்கி மேல கிரீஸ் பூசுங்க.

எனக்கு அந்த டக்கு சத்தம் கூட வரல. ஸ்க்ரூடிரைவர் வச்சு செல்ஃப்ல ரெண்டு போல்ட்டையும் சேத்தா உடனே ஸ்டார்ட் ஆகுது. அப்படியே ஓட்டிக்கலாமா?

வேண்டாங்க, தயவுசெஞ்சு வேண்டாம். அப்படிப் பண்ணும்போது நீங்க பின் டயருக்கு முன்னாடி தரையில நிக்குறீங்க. வண்டி கியர்ல இருந்தா ஸ்டார்ட் ஆன அந்த நொடியே நகரும், டயர் உங்க மேலதான் ஏறும், டீசல் இன்ஜின் கியர்லயே புடிச்சு இழுத்துடும், விலக நேரமே கிடைக்காது. இப்படியே உசிரு போனவங்க நிறைய. கிளட்ச்ல, கியர் நியூட்ரல்ல, பிடிஓ (ரோட்டவேட்டர் மாதிரி கருவியைச் சுத்த வைக்குற ஷாஃப்ட்) லிவர்ல சேஃப்டி சுவிட்ச் வச்சிருக்குறதே இதுக்காகத்தான்.

உங்க பிரச்சனையும் பெரும்பாலும் அந்த சுவிட்ச்லதான் இருக்கும். கிளட்சை முழுசா மிதிங்க, பிடிஓவை ஆஃப் பண்ணுங்க, கியர் லிவரை நியூட்ரல்ல நல்லா ஆட்டி வச்சுட்டு சாவி போடுங்க. அப்பவும் இல்லன்னா ஃபியூஸ், ரிலே, சோலினாய்டுக்குப் போற சின்ன ஒயர். அந்த ஒயர்ல டெஸ்ட் லைட் வச்சு, வேற ஒருத்தரை சீட்ல உக்கார வச்சு சாவி திருப்பச் சொல்லுங்க. லைட்டு எரியலன்னா சுவிட்ச் பக்கம் தேடணும், எரிஞ்சா சோலினாய்டு.

ஓடிட்டு இருக்கும்போதே டீசல் தீந்து நின்னுடுச்சு. டேங்க் ஃபுல் பண்ணிட்டேன், செல்ஃப் நல்லா சுத்துது, ஆனா புகையே வரல.

புகை வரலன்னா டீசல் நாசில் (சிலிண்டருக்குள்ள டீசலைத் தெளிக்குற முனை) வரைக்கும் போகல. உங்களுக்கு ஏர் புடிச்சிருக்கு, அதாவது டீசல் லைன்ல காத்து பூந்திருக்கு. முதல்ல இன்ஜினை நிறுத்த இழுக்குற ஸ்டாப் நாப் முழுசா உள்ள போயிருக்கான்னு பாருங்க, பாதி இழுத்தபடி நிக்குற கேபிளுக்காக ஒரு நாள் முழுக்க அலைஞ்சவங்க உண்டு.

அப்புறம் டேங்க்ல இருந்து வரிசையா வாங்க. முதல் ஃபில்டர் மேல இருக்குற ஏர் ஸ்க்ரூவை ரெண்டு சுத்து தளர்த்தி, ஃபீட் பம்ப்ல (டேங்க்ல இருந்து டீசலை உறிஞ்சி அனுப்புற சின்ன பம்ப்) இருக்குற கை லிவரை அடிங்க. மொதல்ல வெறும் காத்து, அப்புறம் சோப்பு நுரை மாதிரி, அப்புறம் குமிழே இல்லாம தெளிஞ்ச டீசலா வரும். கையை நிறுத்தாம அடிச்சுட்டே இருக்கும்போதே ஸ்க்ரூவை இறுக்கணும், நிறுத்திட்டு இறுக்குனா மறுபடி காத்து உள்ள போயிடும். அடுத்து ரெண்டாவது ஃபில்டர், அடுத்து நாசிலுக்கு டீசலைத் தள்ளுற பெரிய பம்ப்ல இருக்குற ஸ்க்ரூ. லிவரை அடிச்சா கைக்கு எதிர்ப்பே தெரியலையா? ஃபீட் பம்ப் கெட்டுப் போகல, உள்ள இன்ஜினோட சேந்து சுத்துற கேம் மேடு லிவரைத் தூக்கிப் புடிச்சிருக்கு, செல்ஃபை ஒரு தட்டு தட்டி இன்ஜினைக் கொஞ்சம் திருப்பிட்டு அடிங்க, கை கனக்கும்.

கடைசியா நாசில் பைப் நட்டுகளை நாசில் பக்கத்துல ஒரு சுத்து தளர்த்தி, ஆக்சிலேட்டர் முழுசா வச்சு செல்ஃப் அடிங்க, விட்டு விட்டு டீசல் துப்புனதும் ஒண்ணொண்ணா இறுக்குங்க. 10, 15 செகண்டுக்கு மேல ஒரே மூச்சா அடிக்காதீங்க, ஒரு ரெண்டு நிமிஷம் ஆற விடுங்க, இல்லன்னா மோட்டார் சூடேறி வைண்டிங் போயிடும். அந்த நட்டுகிட்ட கையோ முகமோ வேண்டாம். நாசில் திறக்கவே 200 பார் அளவுக்கு பிரஷர் வேணும், ஓடுற இன்ஜின்ல ஊசி ஓட்டை வழியா வர்ற டீசல் தோலைத் துளைச்சு உள்ள போயிடும். பாக்க குண்டூசி குத்துன மாதிரி இருந்தாலும் உடனே ஆஸ்பத்திரி போகணும், நாளைக்குப் பாக்கலாம்னு இருந்தா விரலே போயிடும்.

ஏர் எடுத்தா நல்லா ஓடுது, ராத்திரி நிறுத்திட்டு காலையில வந்தா மறுபடி ஏர். தினமும் இதே வேலையா இருக்குங்க.

இந்த வலி எனக்குத் தெரியும். என் வண்டிக்கும் இதே வந்து, ஒரு ஒர்க்ஷாப்புல பம்பை இறக்கி செலவு பண்ணி மாட்டியும் மறுநாள் காலையில அதே கதைதான். கடைசியில டேங்க்ல இருந்து ஃபீட் பம்புக்கு வர்ற ரப்பர் ஹோஸ், கிளிப்புக்கு அடியில மயிரிழை அளவுக்கு வெடிச்சிருந்தது. வெளிய ஒரு சொட்டு டீசல் கூட ஒழுகல, அதனாலதான் யாருக்கும் தெரியல. ஃபீட் பம்புக்கு முன்னாடி இருக்குற லைன்ல பம்ப் உறிஞ்சுது, அங்க ஓட்டை இருந்தா டீசல் வெளிய வராம காத்துதான் உள்ள போகும். ஃபீட் பம்புக்கு அப்புறம் இருந்தா ஓடும்போது ஒழுகும், கண்ணுக்குத் தெரியும்.

ஃபீட் பம்புக்கு முன்னாடி ஒரு அடி நீளத்துக்கு டீசல் தாங்குற, கண்ணாடி மாதிரி உள்ள தெரியுற ஹோஸ் போட்டுப் பாருங்க, குமிழ் ஓடுறது தெரிஞ்சா டேங்க் பக்கமா ஒவ்வொரு ஜாயின்ட்டா தேடுங்க. ஜாயின்ட்ல இருக்குற காப்பர் வாஷரைக் கழட்டுன ஒவ்வொரு தடவையும் புதுசு போடுங்க.

காலையில மட்டும் ரொம்ப நேரம் அடிக்கணும், வெள்ளைப் புகையா வருது, கண்ணு எரியுது. ஸ்டார்ட்டிங் ஸ்ப்ரே அடிக்கலாமா?

கண்ணு எரியுற வெள்ளைப் புகைன்னா டீசல் போகுது, ஆனா எரியாம அப்படியே வெளிய வருது, சூடு பத்தல. ஹீட்டர் பிளக் (ஸ்டார்ட் பண்றதுக்கு முன்னாடி சூடேத்துற பிளக்) இருக்குற வண்டின்னா அதோட ஒயரைக் கழட்டிட்டு, டெஸ்ட் லைட்டோட கிளிப்பை பேட்டரி பிளஸ்ல மாட்டி முனையை பிளக் மேல வைங்க, எரியலன்னா பிளக் போயிடுச்சு. பிளக் நல்லா இருந்தா செல்ஃப் வேகத்தைப் பாருங்க, மெதுவா சுத்துனா அமுக்குற காத்து சூடேறுறதுக்குள்ள அந்தச் சூட்டை சிலிண்டர் சுவர் குடிச்சிடும். அப்புறம் காதைக் கொடுத்துக் கேளுங்க, 'டுங் டுங் டுங்'னு ஒரே தாளமா இல்லாம நடுவுல ஒண்ணு சட்டுனு ஓடுனா அந்த சிலிண்டர்ல கம்ப்ரஷன் இல்ல. வால்வு கிளியரன்ஸ் (வால்வு முழுசா மூட விட்டு வைக்குற இடைவெளி) டைட்டா இருந்தாலே இப்படி ஆகும், பிஸ்டன் ரிங் போச்சுன்னு முடிவு கட்டுறதுக்கு முன்னாடி அந்த இடைவெளியைச் சரியா வைங்க.

ஸ்ப்ரே வேண்டாம். ஹீட்டர் சூடா இருக்கும்போது அடிச்சா மேனிஃபோல்டுலயே வெடிக்கும், பிஸ்டன், ரிங் எல்லாம் உடையும்.

எனக்கு நேர்மாறு. காலையில ஒரே அடியில புடிக்குது, நல்லா ஓடி சூடான பிறகு நிறுத்துனா ஒரு மணி நேரத்துக்கு ஸ்டார்ட் ஆகாது.

சூட்டுல செல்ஃப் மெதுவா சுத்துதா, இல்ல அதே வேகத்துல சுத்தியும் புடிக்கலையா? மெதுவான்னா செல்ஃப் புஷ் (மோட்டார் ஷாஃப்ட் உக்காந்து சுத்துற வளையம்), பிரஷ், கேபிள். அதே வேகம்னா, உங்க டீசல் பம்ப் ரோட்டரி பம்பா (ஒரே சுழலி எல்லா நாசிலுக்கும் டீசல் பிரிச்சு அனுப்புற வகை) இருந்தா, உள்ள தேய்மானம். டீசல் சூடானா தண்ணியா இளகிடும், தேஞ்ச இடுக்கு வழியா நழுவிடும், நாசிலுக்கு பிரஷர் ஏறாது. இன்ஜின் நின்னபிறகு ஈரத்துணியை பம்ப் மேல போட்டு பத்து நிமிஷம் விட்டு அடிங்க, புடிச்சா அதுதான். ஓடும்போது பச்சைத் தண்ணி ஊத்திடாதீங்க, பம்ப் ஜாம் ஆயிடும். இது ஒண்ணுக்குத்தான் பம்பைக் கழட்டச் சொல்வேன்.

செல்ஃப் கால் சுத்து சுத்திட்டு 'தடக்'னு முட்டி நிக்குது. பேட்டரி ஃபுல். இழுத்து ஸ்டார்ட் பண்ணலாமா?

இழுக்காதீங்க, இன்னொரு தடவை செல்ஃபும் அடிக்காதீங்க. ரேடியேட்டர்ல தண்ணி குறைஞ்சிருக்கான்னு பாருங்க. ஹெட் கேஸ்கெட் (சிலிண்டர் ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவுல இருக்குற தகடு) வழியா சிலிண்டருக்குள்ள தண்ணி எறங்கியிருந்தா பிஸ்டனால தண்ணியை அமுக்க முடியாது, பலவந்தமா இழுத்தா கனெக்டிங் ராடு வளையும். நாசில் எல்லாத்தையும் கழட்டிட்டு கையால திருப்புங்க, தண்ணி எந்த ஓட்டையில இருந்து வருதுன்னு தெரியும். வந்தா ஹெட் கழட்டணும். தண்ணி வராம அப்பவும் முட்டுச்சுன்னா செல்ஃபை இறக்கி, அது கடிச்சுத் திருப்புற ரிங் கியர் பல்லைப் பாருங்க, என்ன வந்துச்சுன்னு எழுதுங்க, மேற்கொண்டு சொல்றேன்.