கியூவுக்குக் கிளியர் பூச்சு: பட்டறையிலிருந்து பதில்கள்

கேள்வி: நானே கடைந்து செய்த பூல் கியூ (மேசைப் பந்தாட்டக் கோல்). கைப்பிடி ஈட்டி மரம், மேல்தண்டு மேப்பிள். கார்த்திகை மாதத்தில் லாக்கர் என்ற கிளியர் (நிறமற்ற பளபளப்புப் பூச்சு) அடித்தேன். சற்று நேரத்திலேயே ஈட்டிப் பகுதி வெள்ளையாகப் பூத்துவிட்டது. கடைக்காரர் போலிச் சரக்கைக் கொடுத்துவிட்டாரா? (வாசகர், கொளத்தூர்)

பதில்: கடைக்காரர் மேல் பழி போடாதீர்கள், தம்பி. இது மழைக்கால வேலை. தின்னர் ஆவியாகும்போது மரத்தின் மேற்பரப்பிலிருந்து சூட்டை எடுத்துக்கொண்டு போகிறது. குளிர்ந்த அந்தப் பரப்பில் காற்றிலுள்ள ஈரம் நீராகப் படிகிறது, ஐஸ் தண்ணீர் டம்ளர் வெளியே வேர்ப்பதைப் போல. அந்த நீர் பூச்சுக்குள் சிக்கிக்கொண்டதைத்தான் வெண்மையாகப் பார்த்திருக்கிறீர்கள். மேப்பிளிலும் பூத்திருக்கும், வெளிர் மரமானதால் கண்ணில் படவில்லை.

சுரண்ட வேண்டாம். நல்ல வெயில் நாளில், நண்பகலில், கடையில் ரிட்டார்டர் தின்னர் (மெதுவாக ஆவியாகும் தின்னர்) என்று கேட்டு வாங்கி மெல்லிய தூவலாக ஒருமுறை அடியுங்கள். பூச்சு மறுபடி இளகி, உள்ளே மாட்டிய நீர் வெளியேறும். ஐப்பசி, கார்த்திகையில் சென்னையில் லாக்கர் அடிப்பதையே நான் தவிர்க்கச் சொல்வேன். அவசரமென்றால் அந்தத் தின்னரை ஆரம்பத்திலேயே கலந்துகொள்ளுங்கள்.

ஆனால் எனக்குக் கவலை தருவது நீங்கள் எழுதாத ஒன்று. கோலின் வெட்டுமுகங்களுக்கு, அதாவது குறுக்கே அறுத்த முனைகளுக்கு, சீலர் (மரத்தின் நுண்துளைகளை அடைக்கும் அடிப்பூச்சு) கொடுத்தீர்களா? மரம் பக்கவாட்டில் உறிஞ்சுவதைவிட வெட்டுமுகத்தில் பல மடங்கு வேகமாக ஈரத்தை உறிஞ்சும். உடம்பைக் கண்ணாடி போல ஆக்கிவிட்டு, அடிமுனையில் ரப்பரை அப்படியே பொருத்திவிடுகிறார்கள். கைப்பிடியையும் மேல்தண்டையும் சேர்க்கும் திருகு இறங்கும் துளையும் பூச்சே இல்லாமல் இருக்கிறது. கோல் பகலெல்லாம் கிளப்பின் ஏசியில் காய்கிறது, இரவு ஸ்கூட்டரில் ஈரக்காற்றோடு வீடு திரும்புகிறது. நல்ல மரம் வளைவதற்கு இந்தப் போக்குவரத்தே போதும். எந்தப் பூச்சும் ஈரத்தை முழுதாகத் தடுக்காது, தாமதப்படுத்தும். திறந்த முனை இருந்தால் அந்தத் தாமதமும் கிடையாது. ரப்பரைக் கழற்றி அடிமுகத்துக்கும், சிறு தூரிகையால் துளைக்குள்ளும், மரம் மேலும் குடிக்காது என்ற நிலை வரும்வரை சீலர் கொடுங்கள். பளபளப்பை அதற்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

கேள்வி: புதுப்பேட்டையில் கிடைக்கும் கார் கிளியரை கியூவுக்கு அடிக்கலாமா? வீட்டு பால்கனியில் அடிக்க நினைக்கிறேன். (வாசகர், ஆதம்பாக்கம்)

பதில்: கைப்பிடிக்கு அடிக்கலாம், அருமையாக நிற்கும். கையால் கியூ செய்பவர்கள் பலரும் கார்களுக்கான அந்த இரு கலவைப் பூச்சைத்தான் விரும்புகிறார்கள். ஆனால் பால்கனியில் வேண்டவே வேண்டாம். அதை இறுக வைக்கக் கலக்கும் ஹார்டனரில் ஐசோசயனேட் என்ற ரசாயனம் இருக்கிறது. தூவும்போது மூச்சில் போனால் ஆஸ்துமாவை வரவழைக்கும். ஒருமுறை ஒவ்வாமை பிடித்துவிட்டால் பிறகு சிறிதளவும் ஒத்துக்கொள்ளாது. துணி முகமூடி இதைத் தடுக்காது. பக்கத்து வீட்டுக் குழந்தைகளையும் நினைத்துப் பாருங்கள். கோலை நன்றாகத் தேய்த்து, ஒழுங்கான பெயின்ட் அறையும் தகுந்த சுவாசக் கவசமும் வைத்திருக்கும் கார் பெயின்டரிடம் கொடுத்துவிடுங்கள். வீட்டிலேயே செய்ய ஆசையென்றால், துணியால் தடவும் பாலியூரித்தேன் போதும். ஜன்னல்களைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள்.

பெயின்டரிடம் இரண்டு விஷயங்களைச் சொல்லுங்கள். ஈட்டி, கோகோபோலோ போன்றவை எண்ணெய்ச் சத்துள்ள மரங்கள். அவற்றின் மேல் நேராக அடித்தால் பூச்சு இறுகாமல் பிசுபிசுக்கக்கூடும். அசிட்டோனால் துடைத்து, உடனே மெழுகு நீக்கிய அரக்கை மெல்லியதாக ஒருமுறை கொடுத்துவிட்டுத்தான் மேற்பூச்சு. அடித்த பின் கோலைச் செங்குத்தாகத் தொங்கவிடவும் கூடாது. படுக்கைவாக்கில், மெதுவாகச் சுழன்றுகொண்டே இறுக வேண்டும். இல்லாவிட்டால் பூச்சு வழிந்து ஒரு பக்கம் தடிக்கும்.

நன்றாக இறுகிய பின் கோலை டியூப்லைட்டுக்கு நேராகப் பிடித்து மெல்ல உருட்டுங்கள். விளக்கின் பிம்பம் கைப்பிடி நெடுக ஒரே கோடாக ஓட வேண்டும். நெளிகிற இடத்தில் மேடு இருக்கிறது. உப்புத்தாளை அட்டையில் சுற்றி, தண்ணீர் தொட்டு 1000, 1500, 2000 எண் தாள்கள் என்ற வரிசையில் தேய்த்துவிட்டு, ரப்பிங் காம்பவுண்டால் மெருகேற்றுங்கள். விளிம்புகளில் மட்டும் கை லேசாக இருக்கட்டும். பூச்சு முதலில் அறுபடுவது அங்கேதான்.

கேள்வி: என் மகனின் பூல் கியூ கையில் ஒட்டுகிறதாம். மேல்தண்டுக்கும் வார்னிஷ் அடித்திருக்கிறார்கள். மே மாதத்தில் ஆடவே முடியவில்லை என்கிறான். (வாசகி, பெரம்பூர்)

பதில்: பையன் சொல்வது சரிதான், அம்மா. விரல்களுக்கிடையே ஓடும் தண்டில் கனமான பூச்சு இருக்கவே கூடாது. வியர்வை பட்டால் இழுக்கும். கைப்பிடியை ஒட்டிய சில அங்குலம் தவிர மற்றதை நீக்கச் சொல்லுங்கள். முரட்டுத் தாள் வேண்டாம். பூல் தண்டின் முனை பொதுவாக 12 முதல் 13 மில்லிமீட்டர்தான், அதில் இழந்ததைத் திரும்பப் பெற முடியாது. 400, பிறகு 600 தாளால் மரத்தின் நீளவாக்கில் தேய்க்கட்டும். சீலரைத் தடவி உடனே துடைத்துவிட்டு, கார்னௌபா மெழுகை மிகக் குறைவாகப் பூசி, தோல்துண்டால் தண்டு சூடேறும்வரை தேய்த்தால் வழுக்கிக்கொண்டு ஓடும்.

கேள்வி: மாமனாரின் பழைய ஸ்னூக்கர் கோல். ஆஷ் மரத் தண்டு, கருங்காலிப் பிடி. மேலே கிளியர் அடித்துப் புதுப்பிக்கலாமா? (வாசகர், மயிலாப்பூர்)

பதில்: முதலில் பிடியில் இருப்பது என்ன பூச்சு என்று பாருங்கள். கண்ணுக்குத் தெரியாத மூலையில் ஸ்பிரிட் தொட்ட பஞ்சை வையுங்கள். இளகினால் அரக்கு பாலிஷ். ஸ்பிரிட்டுக்கு அசையாமல் தின்னருக்கு இளகினால் லாக்கராக இருக்கும். அரக்காக இருந்தால் அதன் மேல் வேறெதையும் அடிக்காதீர்கள். புதிய அரக்கு பழையதோடு கரைந்து ஒன்றாகிவிடும் என்பதே அதன் பெருமை. ஸ்பிரிட்டில் அரக்கைக் கரைத்து, துணிப்பொட்டலத்தால் மெல்லத் தடவினால் போதும்.

ஆஷ் தண்டுக்குச் சில துளி ஆளிவிதை எண்ணெய். தடவிச் சற்று நேரம் விட்டு, ஒட்டத் துடைத்துவிடுங்கள். துடைத்த துணியைக் கசக்கி மூலையில் போடாதீர்கள், அந்த எண்ணெய் காயும்போது சூடாகித் தானே தீப்பிடிக்கக்கூடும். தண்ணீரில் நனைத்து, வெளியே விரித்துக் காயப்போடுங்கள்.