"அனுசரித்துப் போகிற பெண்" என்று எழுதிவிட்டீர்களே!

கேள்வி: எங்களுக்கு இரட்டைப் பிள்ளைகள். இருவரும் இந்த வருடம் பிளஸ் டூ முடித்தார்கள். கணவருக்கு விசைத்தறி வேலை. மகனைக் கஷ்டப்பட்டு மெட்ரிக் பள்ளியில் படிக்க வைத்தோம். கட் ஆஃப் 131. கம்ப்யூட்டர் சயின்ஸ்தான் வேண்டும் என்கிறான். ஒரு கல்லூரியில் நிர்வாக ஒதுக்கீட்டுக்கு 3 லட்சம் டொனேஷன், வருடம் ஒன்றரை லட்சம் ஃபீஸ் கேட்கிறார்கள். நகையை அடகு வைப்பதா, கல்விக் கடன் வாங்குவதா? மகள் ஆறாம் வகுப்பிலிருந்தே அரசுப் பள்ளி, கட் ஆஃப் 164. அவளை அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம், அனுசரித்துப் போகிற பெண்.
- ஒரு தாய், ராஜபாளையம்

பதில்: அடகா கடனா என்பது அப்புறம். கடைசி வரியில் மகளைத் தள்ளி வைத்தீர்களே, அதைப் பேசுவோம்.

ஒரே நாளில் பெற்ற இரண்டு பிள்ளைகளில் ஒருத்தியை ஏழு வருடம் செலவில்லாத பள்ளிக்கு அனுப்பினீர்கள். அவள் அண்ணனைவிடவோ தம்பியைவிடவோ 33 மதிப்பெண் கூட வாங்கிக்கொண்டு வந்து நிற்கிறாள், இப்போதும் அவள்தான் காத்திருக்க வேண்டுமா? அவள் அனுசரிக்கவில்லை அம்மா, கேட்டால் கிடைக்காது என்று தெரிந்துகொண்டு வாயை மூடிக்கொண்டாள். இதைப் பாசம் என்று நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

இதில் கொடுமை என்னவென்றால், காசே இல்லாமல் இன்ஜினீயரிங் படிக்கக்கூடியவள் அவள்தான். ஆறிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2021 முதல் பொறியியலுக்கும் உண்டு. அதில் இடம் கிடைத்தால் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம் எல்லாம் அரசாங்கமே கட்டும். மேலே புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் அவள் வங்கிக் கணக்குக்கே வரும். தலைமை ஆசிரியரிடம் சான்று வாங்கி, உடனே கவுன்சலிங்குக்குப் பதிவு செய்யுங்கள். கம்ப்யூட்டர் தெரியாவிட்டால் பொறியியல் சேர்க்கை உதவி மையங்களில் அவர்களே பதிந்து தருவார்கள்.

மகனுக்கும் வழி இருக்கிறது, ஆனால் டொனேஷன் வழி இல்லை. நன்கொடை வசூலைத் தமிழ்நாட்டில் 1992-லேயே சட்டம் போட்டுத் தடை செய்தாயிற்று. அந்த 3 லட்சத்துக்கு ரசீது கேட்டுப் பாருங்கள், தெரியும். அவனும் கவுன்சலிங்குக்கே வரட்டும். வீட்டில் யாரும் பட்டதாரி இல்லையென்றால் இ-சேவை மையத்தில் முதல் பட்டதாரி சான்றிதழுக்கு அவன் பெயரில் விண்ணப்பியுங்கள், மகளுக்கு 7.5 கிடைத்துவிட்டால் அது தேவைப்படாது. அந்தச் சான்றிதழுக்குக் கிடைக்கிற கட்டணச் சலுகை கவுன்சலிங் இடத்துக்குத்தான், நிர்வாக ஒதுக்கீட்டுக்குக் கிடையாது. 131-க்கு அவன் கேட்கிற கல்லூரியில் கம்ப்யூட்டர் கிடைக்காமல் போகலாம். மெக்கானிக்கலோ சிவிலோ கிடைத்தால் படிக்கட்டும், இந்த முறை அவன் அனுசரிக்கட்டுமே.

மிச்சம் தேவைப்படும் பணத்துக்குக் கல்விக் கடன் வாங்குங்கள். 4 லட்சம் வரை உங்கள் பங்காகக் கைப்பணம் போடவும் கேட்கமாட்டார்கள், சொத்து அடமானமும் கேட்கமாட்டார்கள். குடும்ப வருமானம் வருடம் நாலரை லட்சத்துக்குள் என்றால் படிக்கிற காலத்து வட்டிக்கு மத்திய அரசின் மானியம் இருக்கிறது, விண்ணப்பிக்கும்போதே வங்கியில் கேளுங்கள். நகையைத் தொடாதீர்கள். இன்று ராத்திரியே மகளைக் கூப்பிட்டு உட்கார வைத்து, எந்தப் படிப்பு வேண்டும் என்று கேளுங்கள்.