பொம்மைக்குக் காய்ச்சல்

கேள்வி: என் பொண்ணுக்கு 8 வயசு, பியானோ கத்துக்க ஆரம்பிச்சு ஒரு வருஷம் ஆகுது. டிசம்பர்ல சிசில (சமூக மன்றத்துல) ரிசைட்டல், மேடையில வாசிக்கணும். டீச்சர் ரஷ்ய இசையமைப்பாளர் சைகோவ்ஸ்கியோட 'சிக் டால்' குடுத்திருக்காங்க, ரொம்ப ஸ்லோவா இருக்கு. சொந்தக்காரங்க எல்லாம் வர்றாங்க, 'ஃபர் எலிஸ்' வாசிக்கச் சொல்லட்டுமா? – ஒரு அம்மா, செங்காங், சிங்கப்பூர்

பதில்: வேணாம்மா. டீச்சர் குடுத்ததையே வாசிக்கட்டும்.

ஃபர் எலிஸ்னதும் உங்க காதுல கேக்குறது முதல் பகுதி மட்டும்தான். பீத்தோவன் 1810ல எழுதின பீஸ் அதோட முடியல, நடுவுல விரல் பறக்கணும், அப்புறம் இடது கை ஒரே நோட்ட விடாம தட்டிக்கிட்டே இருக்கணும், ஒரு வருஷப் பிள்ளைக்கு அது ஆகாது. முதல் பகுதி மட்டும் போதும்னாலும், ஹால்ல பாதிப் பேருக்கு அது மனப்பாடம். ஒரு சிசி நிகழ்ச்சியில ஒரு பையன் இதே பீஸ்ல ஒரே இடத்துல மூணு தடவ நின்னுட்டு திரும்பத் திரும்ப முதல்லேர்ந்து ஆரம்பிச்சான், கடைசியில அவன் கட்டையப் பாக்கல, அம்மா உக்காந்திருந்த பக்கத்தையே பாத்தான். இன்னும் என் மனச விட்டுப் போகல.

சைகோவ்ஸ்கி 1878ல குழந்தைங்களுக்குன்னே 24 பீஸ் எழுதி தங்கச்சி பையனுக்கு சமர்ப்பணம் பண்ணாரு, அதுல ஒண்ணுதான் இந்த 'சிக் டால்'. பொம்மைக்கு உடம்பு சரியில்ல, அவ்ளோதான் கதை. மெலடில ஒவ்வொரு நோட்டா விட்டு விட்டு வரும், காய்ச்சல்ல கிடக்குற பிள்ளை முனகுற மாதிரி. விரலுக்கு வேலை கம்மியா இருக்கறதாலதான் அவளால தன் சத்தத்தையே காது குடுத்துக் கேக்க முடியும், எங்க மெல்ல, எங்க கொஞ்சம் அழுத்தணும்னு யோசிக்க முடியும். ஸ்லோவா இருக்கறது குறை இல்லம்மா, உணர்ச்சி வர்றதுக்கு இடமே அதுதான். அவளுக்குக் கதையச் சொல்லுங்க, மெலடிய வாயால பாடச் சொல்லுங்க, பாட வந்துட்டா கையில தானா வரும்.

இது சோகமா இருக்கேன்னு தோணுச்சுன்னா ஜெர்மன் இசையமைப்பாளர் ஷூமன் 1848ல எழுதின 'மெலடி'யப் பத்தி டீச்சர்கிட்ட கேளுங்க, மூத்த மகளோட 7வது பிறந்தநாளுக்காக எழுத ஆரம்பிச்ச தொகுப்புல முதல் பீஸ் அது.

இன்னொண்ணு, பக்கத்து வீட்டுக்குத் தொந்தரவுன்னு ஹெட்போன் போட்டே டிஜிட்டல் பியானோல பழகுறான்னா ஹால் பியானோ அவ கைக்கு வேற மாதிரி இருக்கும். மெல்ல வாசிக்க வேண்டிய நோட்டு சத்தமே வராமப் போயிடும். ரிசைட்டலுக்கு முன்னாடி ரெண்டு தடவயாவது நிஜ பியானோல வாசிக்க டீச்சர்கிட்ட இப்பவே நேரம் கேட்டு வைங்க.