காணிக்குள் குளம், ஊருக்கெல்லாம் வழி

கேள்வி: மட்டக்களப்பு ஏறாவூர்ப்பற்றில் அப்பாவின் உறுதிக்காணியில் செங்கல்லுக்கு மண் வெட்டிய பள்ளம் இப்போது இரண்டு ஏக்கர் குளமாகக் கிடக்கிறது. பெடியன்கள் குளிக்கவும் தூண்டில் போடவும் வருகிறார்கள். மாடுகளும் அந்த வழியால்தான் இறங்குகின்றன. போன மாரியில் ஒரு பிள்ளை வழுக்கி விழுந்து மயிரிழையில் தப்பியது. இரண்டு தரம் முள்ளுக்கம்பி அடித்தோம், இரண்டு தரமும் வெட்டிவிட்டார்கள். கம்பிக்குக் கரண்ட் கொடுப்போம் என்கிறான் தம்பி. என்ன செய்யலாம்?

பதில்: கரண்ட் வேண்டவே வேண்டாம். யானை வேலியில் ஒரு கருவி கரண்டை அளவாக, விட்டுவிட்டு அடிக்கும், அது வேறு. வீட்டுக் கரண்டை நேரே கம்பியில் விட்டால் ஈர மண்ணில் நிற்கிற ஆள் பிழைப்பது கஷ்டம், அவர் உங்கள் வீட்டுப் பிள்ளையாகவும் இருக்கலாம். கவனயீனத்தால் ஒரு உயிர் போனாலே தண்டனைச் சட்டக்கோவை 298ஆம் பிரிவில் ஐந்து வருடம் வரை சிறை உண்டு, தெரிந்தே கரண்ட் விட்டால் வழக்கு அதைவிடப் பெரிதாகலாம்.

சரி, காணி உங்களுடையதுதானா என்று உறுதியையும் பிளானையும் ஒருக்கால் பாருங்கள். வயலுக்குப் பாயும் குளமென்றால் கதை வேறு, 200 ஏக்கர் வரை பாயும் சிறு குளங்கள் கமநல அபிவிருத்தித் திணைக்களத்தின் பொறுப்பு.

குளிக்க வந்த பெடியனைப் பொலிசில் பிடித்துக் கொடுப்பதும் லேசில்லை. குற்றம் செய்யவோ பயமுறுத்தவோ தொல்லை கொடுக்கவோ நினைத்து நுழைந்தால்தான் அத்துமீறல் குற்றமாகும். இன்னொன்று, உங்களிடம் கேட்காமல் பத்து வருடம் தடையில்லாமல் உரிமையாக நடந்தவர்கள் வழியுரிமை கோரலாம். அதனால் முழுதும் மறிப்பதைவிட ஒரு வழியைத் திறந்து, "உரிமையாளரின் அனுமதியுடன் மட்டும்" என்று பலகை வையுங்கள். அனுமதி வாங்கி நடப்பவர் அதை உரிமையாகக் காட்டுவது கடினம். ஆனால் ஏற்கனவே பத்து வருடம் தாண்டியிருந்தால் முதலில் ஒரு சட்டத்தரணியைப் பாருங்கள்.

எனக்குப் பெரிய பயம் அந்தக் கரைதான். மண் வெட்டிய பள்ளத்தின் விளிம்பு செங்குத்தாக இருக்கும், முழங்கால் தண்ணீரில் நிற்கிற பிள்ளை அடுத்த அடியில் தலைக்கு மேல் போய்விடும், களிமண் வழுக்குவதால் ஏறிவர முடியாது. ஆற்றுவாழை மூடியிருந்தால் எது கரை எது தண்ணீர் என்றே தெரியாது. ஆவணியில் தண்ணீர் வற்றியதும் பெக்கோ பிடித்து, ஆட்கள் இறங்குகிற பக்கத்தையாவது நாலடிக்கு ஓரடி இறங்கும்படி சரித்துவிடுங்கள். வெட்டிய மண்ணைக் காணிக்கு வெளியே ஏற்றுவதென்றால் புவிச்சரிதவியல் அளவை சுரங்கப் பணியகத்தின் அனுமதி வேண்டும், உள்ளேயே பரப்புவது நல்லது. மாட்டுக்குத் தனி இறங்குதுறை விடுங்கள், அப்போது கம்பி வெட்டுவதும் குறையும். மிச்சக் கரைக்கு நெருக்கமாகக் கதியால் நட்டு வேலி போடுங்கள்.

கரையில் ஒரு கம்பத்தில் நீளக் கயிறும், மூடி இறுக்கிய வெறும் பிளாஸ்டிக் கானும் கட்டி வையுங்கள். யாராவது தண்ணீரில் மூழ்கினால் கானை எறிய வேண்டும், நீந்தத் தெரியாதவர் பின்னால் குதிக்கக் கூடாது, அப்படித்தான் ஒன்று இரண்டாகிறது. அம்புலன்ஸுக்கு 1990 என்று பலகையில் பெரிதாக எழுதுங்கள். வெள்ளத்தில் வாவித் தண்ணீர் உங்கள் குளத்தோடு சேர்கிற இடமென்றால் முதலையும் வரலாம், கண்டால் வனஜீவராசிகள் திணைக்களத்துக்குச் சொல்லுங்கள்.

அப்புறம், கம்பி வெட்டியவர்களையும் மாட்டுக்காரர்களையும் கிராம சேவையாளர் முன்னால் கூப்பிட்டு ஒரு தரம் பேசுங்கள். வழி எது, எத்தனை மணி வரை என்பதை ஐப்பசி மழைக்கு முன்னமே முடிவுசெய்து எழுதிக் கையெழுத்து வாங்குங்கள்.