வாசகர் கேள்வி – பதில்: மலையகப் பிள்ளைகளுக்காக ஓர் அறக்கட்டளை

கேள்வி: ஓய்வுபெற்ற அரசு ஊழியன் நான். சென்ற ஆண்டு மனைவியுடன் நுவரெலியா போயிருந்தபோது தேயிலைத் தோட்டத்துப் பள்ளிக்கூடம் ஒன்றைப் பார்த்தோம். மழையில் காலணி இல்லாமல் நடந்துவரும் பிள்ளைகளைக் கண்டதிலிருந்து, என் தாயார் பெயரில் குடும்ப அறக்கட்டளை தொடங்கி அவர்களுக்கு உதவ வேண்டும் என்று எண்ணுகிறோம். நானும் மனைவியும் இரு மகன்களும் அறங்காவலர்கள். மூத்தவன் கனடாக் குடியுரிமை பெற்றவன். அவனும் பணம் அனுப்புவான். நன்கொடை தரும் உறவினர்களுக்கு வரிச்சலுகை கிடைக்குமா?
— வாசகர், நங்கநல்லூர்

பதில்: உங்கள் நோக்கத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் இதற்காக அறக்கட்டளை தொடங்க வேண்டாம் என்பதே என் கருத்து. சார்பதிவாளர் அலுவலகத்தில் பத்திரம் பதிவதும், வருமான வரித் துறையில் அறக்கட்டளையின் வரிவிலக்குக்கும் நன்கொடையாளரின் வரிச்சலுகைக்கும் உரிய பதிவுகள் பெறுவதும் நல்ல ஆடிட்டர் ஒருவர் இருந்தால் நடந்துவிடும். சிக்கல் அதற்குப் பிறகுதான். இந்திய அறக்கட்டளைக்குக் கிடைக்கும் வரிவிலக்கு, அதன் வருமானத்தை இந்தியாவுக்குள் அறப்பணிக்குச் செலவிடுவதை மையமாகக் கொண்டது. வெளிநாட்டில் செலவிடும் தொகைக்கு விலக்கு வேண்டுமானால், அந்தப் பணி இந்தியா அக்கறை கொண்ட பன்னாட்டு நலன் சார்ந்ததாக இருக்க வேண்டும். அதோடு மத்திய நேரடி வரிகள் வாரியத்தின் உத்தரவும் வேண்டும். நான்கு பேர் கொண்ட ஒரு குடும்பம் சில பிள்ளைகளுக்குக் காலணி வாங்கித் தருவதற்காக ஏறி இறங்க வேண்டிய படிகள் அல்ல இவை.

தனிமனிதராக நீங்கள் அனுப்புவது எளிது. ரிசர்வ் வங்கியின் தாராளமயப் பணம் அனுப்பும் திட்டத்தின்கீழ், இந்தியாவில் வசிக்கும் ஒருவர் ஒரு நிதியாண்டில் 2,50,000 அமெரிக்க டாலர் வரை அன்பளிப்பாகவோ நன்கொடையாகவோ வெளிநாட்டுக்கு அனுப்பலாம். வங்கியில் வெளிநாட்டுக்குப் பணம் அனுப்புவதற்கான ஏ2 படிவமும் பான் எண்ணும் கொடுத்தால் போதும். ஆண்டுக்கு 10 லட்சம் ரூபாயைத் தாண்டும் தொகைக்கு 20 சதவீத வரியை வங்கி முன்கூட்டியே வசூலிக்கும். அதை உங்கள் வரிக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம். இந்தத் திட்டம் தனிமனிதர்களுக்கு மட்டுமே உரியது, அறக்கட்டளைகளுக்கு இல்லை என்பதைக் கவனியுங்கள். இந்த வழியில் உறவினர்களுக்கு வரிச்சலுகை கிடைக்காது; அது தெரிந்த பிறகும் கொடுக்க முன்வருபவர்கள் யார் என்பதும் இதில் தெரிந்துவிடும்.

மூத்த மகனின் பணம் தனி விஷயம். அவர் இந்தியக் கடவுச்சீட்டோடு அங்கே வாழ்பவராக இருந்தால், சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பும் தொகை வெளிநாட்டு நன்கொடையாகக் கருதப்படாது. ஆனால் குடியுரிமை மாறிவிட்டதால் அவர் சட்டப்படி ‘வெளிநாட்டு மூலம்’, அதாவது வெளிநாட்டு நன்கொடையாளர், ஆகிவிடுகிறார். அவரிடம் ஒரு ரூபாய் பெற வேண்டுமானாலும் 2010-ஆம் ஆண்டின் வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டப்படி உங்கள் அறக்கட்டளை அனுமதி பெற வேண்டும். பதிவுக்குப் பொதுவாக மூன்றாண்டுச் செயல்பாடும், அக்காலத்தில் 15 லட்சம் ரூபாய்க்குக் குறையாத அறச் செலவும் கேட்கப்படும். எனவே அவர் டொரண்டோவிலிருந்தோ வேறெங்கிருந்தோ நேராக இலங்கைக்கே அனுப்பட்டும். பணம் நங்கநல்லூரைச் சுற்றிக்கொண்டு போக வேண்டிய அவசியம் இல்லை.

இனி, எதற்குக் கொடுப்பது என்பது. இலங்கையில் 1945 முதல் கல்வி இலவசம். பாடநூலும் சீருடைத் துணியும் அரசே தருகிறது. ஆகவே அவற்றை வாங்கி அனுப்புவது வீண். காலணி, கொப்பி (நோட்டுப் புத்தகம்), பேருந்துக் கட்டணம் போன்ற சில்லறைச் செலவுகள்தாம் தினக்கூலியில் வாழும் லயத்துக் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டு) குடும்பத்தைத் திணற வைப்பவை. அதைவிடப் பெரிய தடை, பதினோராம் ஆண்டு முடிவில் எழுதும் சாதாரண தரத் தேர்வுக்குப் பிறகு வருகிறது. அதற்கு அடுத்த கட்டப் பள்ளிப் படிப்பான உயர்தரத்தில் கணிதமோ விஞ்ஞானமோ படிக்க விரும்பும் பிள்ளை, அந்த வசதியுள்ள பாடசாலையைத் தேடி நகரத்துக்குப் போக வேண்டியிருக்கிறது; தங்குமிடத்துக்கும் பயணத்துக்கும் வழியில்லாமல் படிப்பு அங்கேயே நின்றுவிடுகிறது. நூறு பேருக்குப் பை வழங்கும் விழாவை விட, நான்கு பிள்ளைகளை அந்த இரண்டு ஆண்டுகளும் தாங்கிப் பிடிப்பது மேல். நீங்கள் பார்த்த பாடசாலையின் அதிபரிடமும் (தலைமையாசிரியர்), அங்கேயே பதிவு பெற்றுக் கணக்கு வெளியிடும் ஓர் அமைப்பிடமும் முதலில் பேசுங்கள்.

கேள்வி: கம்போடியாச் சுற்றுலாவில் அங்கோர் கோயில்களைப் பார்த்த மறுநாள், ஒரு குழந்தைகள் இல்லத்துக்கு எங்களை அழைத்துச் சென்றார்கள். பிள்ளைகள் நடனம் ஆடிக் காட்டினார்கள். எங்கள் குடும்பமும் நாத்தனார் குடும்பமும் சேர்ந்து மாதாமாதம் அந்த இல்லத்துக்குப் பணம் அனுப்பலாமா?
— வாசகி, திருவான்மியூர்

பதில்: அனுப்பும் முன் ஒன்று கேளுங்கள்: அந்தப் பிள்ளைகளில் எத்தனை பேருக்குத் தாயோ தந்தையோ உயிரோடு இருக்கிறார்கள்? கம்போடிய அரசும் யுனிசெஃபும் இணைந்து 2011-இல் வெளியிட்ட ஆய்வில், இத்தகைய இல்லங்களில் இருந்தவர்களில் ஏறக்குறைய நான்கில் மூன்று பங்கினருக்குப் பெற்றோரில் ஒருவராவது இருந்தது தெரியவந்தது. சுற்றுலாப் பயணிகளின் நன்கொடை பெருகப் பெருக இல்லங்களும் பெருகின. படிப்பும் சோறும் கிடைக்கும் என்ற நம்பிக்கையில் ஏழைப் பெற்றோர் பிள்ளைகளை அங்கே விட்டார்கள். 2019 டிசம்பரில் ஐக்கிய நாடுகள் பொதுச்சபை நிறைவேற்றிய குழந்தை உரிமைத் தீர்மானமும், பிள்ளையைக் குடும்பத்திலேயே வளர்க்கத் துணை செய்வதையே வலியுறுத்தியது. வழியே போகும் அந்நியருக்காக ஆட வைக்கும் இல்லத்தை நான் நம்பமாட்டேன். நம் வீட்டுப் பிள்ளைகளை முன்பின் தெரியாதவர் வந்து மடியில் அமர்த்திப் படம் எடுத்துப் போக நாம் விடுவோமா? பிள்ளைகள் வீட்டிலிருந்தே பள்ளிக்குச் செல்ல உதவும் அமைப்புக்கு அந்தப் பணத்தைக் கொடுங்கள்.

கேள்வி: பழைய துணிகளையும் சமச்சீர்ப் பாடநூல்களையும் இலங்கைக்கு அனுப்பலாமா?
— வாசகர், கொளத்தூர்

பதில்: வேண்டாம். பாடத்திட்டம் வேறு, துணிக்குச் சரக்குக் கட்டணமே அதன் மதிப்பைத் தாண்டும். தமிழ்ச் சிறுவர் கதைநூல்கள் என்றால், பாடசாலை நூலகத்தைக் கேட்டுக்கொண்டு அனுப்பலாம்.

கேள்வி: எங்கள் குடும்பம் சில ஆண்டுகளாக இப்படி ஓர் அறக்கட்டளையை நடத்திவருகிறது. அண்ணன் தம்பிகளே அறங்காவலர்கள். எதில் கவனமாக இருக்க வேண்டும்?
— வாசகி, மயிலாப்பூர்

பதில்: உறவினர் அல்லாத ஒருவரை, முடிந்தால் உங்களை எதிர்த்துப் பேசத் தயங்காத ஒருவரை, அறங்காவலராக்குங்கள். (திருமண மண்டபத்தில் பந்திக்கு நடுவே தீர்மானப் புத்தகத்தில் கையெழுத்து வாங்கும் குடும்ப அறக்கட்டளைக் கூட்டங்களை நான் பார்த்திருக்கிறேன்.) அறங்காவலரின் விமானச் சீட்டு, அவர் வீட்டு மாடிக்கு வாடகை போன்றவற்றை அறக்கட்டளைக் கணக்கில் எழுதும் முன் ஆடிட்டரைக் கேளுங்கள், அறங்காவலருக்கோ அவர் உறவினருக்கோ நியாயமற்ற பயன் போய்ச் சேர்ந்தால் அந்தத் தொகைக்கான வரிவிலக்கு பறிபோகும். பிள்ளைகளின் முகமும் பெயரும் ஊரும் தெரியும்படி வாட்ஸ்அப்பில் படம் பகிர்வதை நிறுத்துங்கள். ஒரு பிள்ளைக்கு உதவ ஒப்புக்கொள்ளும்போதே, அந்தப் படிப்பு முடியும் வரை ஆகும் தொகையைத் தனி வைப்பாக ஒதுக்கி, அதை எடுக்கும் கையெழுத்து உரிமையை இருவருக்குக் கொடுத்துவையுங்கள். அண்ணன் நோயில் விழுந்தாலும், தம்பிகளுக்குள் மனத்தாங்கல் வந்தாலும், அடுத்த தவணை தேதி தவறாமல் போய்ச் சேர வேண்டும்.